சீஸில் போடும் என்சைம் சைவமா?

கேள்வி: சீஸ் பாக்கெட்டில் வெறும் 'என்சைம்' என்று மட்டும் போட்டிருக்கிறது. கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பதில் 1: அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாலைத் திரளவைக்கச் சேர்க்கும் பழைய முறை ரென்னெட் பால்குடி மறக்காத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து வருவது, அதிலுள்ள கைமோசின் என்ற என்சைம் பாலின் கப்பா கேசீன் என்ற புரதத்தை வெட்டுவதால்தான் பால் திரள்கிறது. அதே கைமோசினை இப்போது பூஞ்சை, ஈஸ்ட் வழியாகவும் தயாரிக்கிறார்கள், அமெரிக்காவில் பாக்டீரியா வழியாகத் தயாரித்ததற்கு 1990இலேயே அனுமதி கிடைத்துவிட்டது.

பதில் 2: பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியச் சீஸ் என்றால் சந்தேகமே வேண்டாம், கன்று ரென்னெட்தான், விதியே அப்படி.

பதில் 3: அப்புறம் லைபேஸ், கொழுப்பை உடைக்கும் என்சைம், அதை யாரும் கவனிப்பதில்லை. சில இத்தாலிய வகைகளின் காரமான வாசனைக்குக் கன்று, ஆட்டுக்குட்டியின் நாக்கடியிலிருந்து எடுத்ததைச் சேர்ப்பதுண்டு. தயாரிப்பாளருக்கு எழுதும்போது ரென்னெட், லைபேஸ் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.