மேட்டூர் தண்ணீரில் டூ ஸ்ட்ரோக் படகு மோட்டார்: எந்த பெட்ரோல், எந்த ஆயில், அடிட்டிவ் ஊற்றலாமா?

காவிரிக்கரைப் பையன்:
வணக்கம்ங்க. நமக்கு பண்ணவாடி பக்கம், மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பு ஓரம். மச்சான் கடலோரத்தில் இருந்து பழைய 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) ஒன்று வாங்கி வந்து பைபர் படகில் மாட்டினார். நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் தண்ணீர் வடிந்து, முழுகிக் கிடந்த நந்தி தலை தெரிய ஆரம்பித்ததும் படகைக் கரையேற்றி, மோட்டாரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். டேங்கை வெளியிலேயே விட்டுவிட்டோம், அதில் பாதி பெட்ரோல் அப்படியே கிடந்தது. ஐந்து மாதம் கழித்து இப்போது மாட்டினால் கயிறு இழுத்து இழுத்து தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது. ஸ்டார்ட் ஆனாலும் ஐந்து நிமிஷத்தில் நடுத் தண்ணீரில் நின்றுவிடுகிறது. நேற்று துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம், பரிசல்காரர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்.

ஆயில், தோட்டத்தில் புல் வெட்டும் மெஷினுக்கு வாங்கி வைத்திருந்த 2டி ஆயில்தான், கண் அளவாக ஊற்றியது. கடைக்காரர் ஒருவர் "பெட்ரோலில் இதை ஒரு மூடி விடுங்கள், சரியாகிவிடும்" என்று 450 ரூபாய்க்கு ஒரு பாட்டில் அடிட்டிவ் தலையில் கட்டிவிட்டார். விட்டோம், ஒன்றும் ஆகவில்லை. பவர் பெட்ரோல் போட்டால் சரியாகுமா? இன்னும் கொஞ்சம் ஆயில் சேர்க்கட்டுமா?

ஈரோடு ஸ்ப்ரேயர்:
தம்பி, எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ணுகிற வேலை. எங்கள் பவர் ஸ்ப்ரேயர் இரண்டு கார்புரேட்டர் போய்விட்டது. நான் இப்போது பெட்ரோலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, எத்தனால் அடியில் இறங்கியதும் மேலே இருப்பதை மட்டும் எடுத்து ஊற்றுகிறேன். நீங்களும் செய்து பாருங்கள். கூட ஒரு ஆக்டேன் பூஸ்டரும் விடுங்கள், எஞ்சின் தட்டாமல் பெட்ரோல் எரிகிற தன்மையை அது கூட்டும்.

சிங்காநல்லூர் ஒர்க்ஷாப்:
ஸ்ப்ரேயர் அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்தத் தண்ணீர் வைத்தியம் வேண்டாமுங்க. எத்தனாலைக் கழுவி எடுத்தால் அதோடு ஆக்டேனும் போய்விடும், மிச்ச பெட்ரோலில் ஈரம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பத்து லிட்டர் டேங்குக்கு அதைச் செய்து படகில் நடுத் தண்ணீருக்குப் போவது பெரிய தைரியம்.

தம்பி, முதலில் பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய அவுட்போர்டு மோட்டார்களின் கையேட்டில் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் அனுமதி இருக்கும், ஆனால் நம் ஊரில் வேறு வழி இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். உங்கள் டேங்க் மூடியில் காற்றுத் துளைத் திருகு இருக்கிறதே, அதைத் திறந்தே விட்டிருப்பீர்கள், மழைத் தண்ணீரும் இறங்கியிருக்கும். ஒரு அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கில் இருந்து உறிஞ்சும் குழாய் அந்த அடியில்தான் இருக்கிறது. இதில் ஒரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை: நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், அடியில் இருக்கிற தண்ணீரில் ஆயில் கிடையாது. அதாவது மோட்டார் நின்றது நல்லதுக்கு, ஓடியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும்.

இன்றைக்கே டேங்கின் அடியில் இருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, நிழலில் அரை மணி நேரம் வையுங்கள். கோடு தெரிந்தால் முழுவதையும் வெளியே எடுத்துவிடுங்கள். எந்த அடிட்டிவும் பிரிந்ததை ஒட்ட வைக்காது. பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் என்று விற்பது பொய் இல்லை, ஆனால் அதைப் புது பெட்ரோலில், நிறுத்துவதற்கு முன்னால் ஊற்ற வேண்டும். பழையதில் ஊற்றினால் செத்தவனுக்கு கஷாயம் கொடுத்த மாதிரிதான்.

அடுத்து ஆயில். புல் வெட்டும் மெஷின் ஆயில் காற்றில் குளிர்கிற எஞ்சினுக்கானது, அதில் சாம்பல் விடுகிற பொருள்கள் உண்டு. படகு மோட்டார் தண்ணீரில் குளிர்கிறது, அதற்கு டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும் சாம்பல் இல்லாத ஆயில் வேண்டும். அளவு கையேட்டில் பாருங்கள், இந்த மாதிரி மோட்டார்களுக்குப் பெரும்பாலும் 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. அளவு ஜாடி இல்லையா, கழுவிக் காய வைத்த குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி, 9 லிட்டருக்கு அளவாக இருக்கும்ங்க. பாதி பெட்ரோல், அப்புறம் ஆயில், குலுக்கி, பிறகு மீதி பெட்ரோல். கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், பிளக் கருத்துப் புகை அடிப்பதுதான் மிச்சம்.

பவர் பெட்ரோல் வேண்டாம். இந்த 8 குதிரை மோட்டார் குறைந்த அழுத்தத்தில் ஓடுகிறது, அதிக ஆக்டேன் கொடுத்தால் உங்கள் பர்ஸுக்குத்தான் வேலை.

பண்ணவாடி மருமகன்:
எங்கள் மாமனார் வீடு கடலூர். அங்கே மண்ணெண்ணெயில் ஓட்டுகிறார்களே, அதைப் போட்டால் எத்தனால் தொல்லையே இல்லையே?

சிங்காநல்லூர் ஒர்க்ஷாப்:
அது மண்ணெண்ணெய்க்கென்றே இன்னும் குறைந்த அழுத்தத்தில் செய்த மாடல்ங்க, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடானதும் மாற்றுவார்கள். சாதாரண மோட்டாரில் ஊற்றினால் தட்டும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். பெயர் ஒன்றாக இருக்கிறது என்று வயிறும் ஒன்று என்று நினைக்கக் கூடாது.

தம்பி, இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். நடுவில் நின்றால் குழாயில் இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியதும் எஞ்சின் உயிர் பெற்றால் பம்ப்போ குழாயோ கோளாறு. பல்ப் சப்பட்டையாகிக் கிடந்தால் காற்றுத் திருகு மூடியிருக்கிறது. பழைய ரப்பர் குழாய் எத்தனாலில் ஊறி உள்ளே உரிந்து போயிருந்தாலும் இதே கதைதான்.

காவிரிக்கரைப் பையன்:
அண்ணா, பாட்டிலில் பிடித்தேன். சத்தியமாக மோர் தெளிந்த மாதிரி இருக்கிறது: மேலே ஆயில் நிறத்தில் பெட்ரோல், அடியில் இரண்டு விரல் கடை கலங்கல் தண்ணீர். மச்சான் கண்ணை நம்பவே இல்லை, குலுக்கிவிட்டு மறுபடி வைத்தார், மறுபடி பிரிந்து நின்றது. டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினோம், அதிலும் பச்சைப் பாசி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பிளக் மாற்றி, 5 லிட்டர் புது பெட்ரோலில் 100 மில்லி டிசி-டபிள்யூ3 விட்டுக் கலந்து ஊற்றினோம். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அக்கரை நாகமறை வரை போய்த் திரும்பியாயிற்று.

ஒரு சந்தேகம். நிறுத்தும்போது என்ன செய்ய வேண்டும்? அந்த வீணான 6 லிட்டரை மச்சான் தன் பைக்கில் ஊற்றலாமா என்று கேட்கிறார்.

சிங்காநல்லூர் ஒர்க்ஷாப்:
பைக்கில் ஊற்றச் சொல்லாதீர்கள், ஆற்றிலும் கொட்டாதீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் நம் ஊரெல்லாம் குடிக்கிறது. மூடிய கேனில் வைத்து, பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். காலி டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் மோட்டாரை மாட்டி ஸ்டார்ட் செய்து, பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விட்டால் கார்புரேட்டர் காய்ந்துவிடும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் குளிர்விக்கத் தண்ணீரை உள்ளே இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் நிமிஷத்தில் கருகும், அதைக் கவனியுங்கள். மற்ற நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் கலந்து வைக்காதீர்கள், தேவைக்கு வாங்குங்கள். அந்த 450 ரூபாய் பாட்டில்?

காவிரிக்கரைப் பையன்:
பில் தொலைந்துவிட்டது, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். பாதி இருக்கிறது. சீசன் முடிவில் புது பெட்ரோலில் ஊற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், டப்பாவில் ஸ்டெபிலைசர் என்றே போடவில்லை, ஆக்டேன் பூஸ்டராம்.