குதிரைக்கு எத்தனை விரல்?

கேள்விக்கணை:
ஒருவர் எழுதியிருக்கிறார்: "மனிதக் கை, வௌவால் இறக்கை, திமிங்கிலத் துடுப்பு, குதிரையின் முன்னங்கால் எல்லாமே ஐந்து விரல் அமைப்பு. பொது மூதாதைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?" ஐந்தா? குதிரை ஒற்றைக் குளம்பில் நிற்கிறது ஐயா. எண்ணத் தெரியாதவர்கள் எல்லாம் பரிணாமம் பேச வந்துவிட்டார்கள்.

எலும்புப்பித்தன்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். தோளிலிருந்து பாருங்கள். மேலே ஓர் எலும்பு, கீழே இரண்டு, அப்புறம் மணிக்கட்டுச் சில்லுகள், பிறகு விரல்கள். வௌவாலுக்கு விரல்கள் குடைக்கம்பி போல நீண்டுவிட்டன. குதிரைக்கு நடுவிரல் மட்டும் தங்கியது. அதன் இருபுறமும் குச்சி போல ஒட்டியிருப்பவை இரண்டாம், நான்காம் விரல்களுக்கு உரிய உள்ளங்கை எலும்புகள். முன்னங்காலில் முழங்கால் என்று நீங்கள் நினைப்பது அதன் மணிக்கட்டு!

கேள்விக்கணை:
சரி, ஒரு விரல், இரண்டு குச்சி. மொத்தம் மூன்று. ஐந்து எங்கே?

நிதானி:
அமைப்பொத்த உறுப்பு என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமா? எலும்பு எந்த இடத்தில், எதோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு, எத்தனை என்பதல்ல...

கேள்விக்கணை:
வரையறையை வளைத்தால் எதையும் நிரூபிக்கலாம். ஐந்து எங்கே?

எலும்புப்பித்தன்:
புதைபடிவங்களைப் பாருங்கள். சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆதிக் குதிரைக்கு முன்னங்காலில் நான்கு விரல். பிறகு வந்த மீசோஹிப்பஸுக்கு மூன்று. இப்போது ஒன்று. குறைந்துகொண்டே வந்தது கண்ணெதிரே இருக்கிறது.

கேள்விக்கணை:
ஆக, நான்கு! பேரம் படிகிறது.

சிறகன்:
பறவையை விட்டுவிட்டீர்களே. இறக்கையில் மூன்று விரல். அவை ஐந்தில் எந்த மூன்று? கருவில் பார்த்தால் 2, 3, 4ஆம் விரல்கள் போலத் தெரிகிறது, பறவைகளின் மூதாதைகளான டைனோசர்களின் படிவங்களோ 1, 2, 3 என்கின்றன. பித்தன் இதைத் தொடவே மாட்டார்.

எலும்புப்பித்தன்:
வௌவால் இறக்கையும் பறவை இறக்கையும் கை என்ற அளவில் அமைப்பொத்தவை, அதாவது ஒரே மூதாதையின் கையிலிருந்து வந்தவை; இறக்கை என்ற அளவில் செயலொத்தவை, அதாவது தனித்தனியே தோன்றி ஒரே வேலை செய்பவை என்று அன்றைக்கு உங்களைத் திருத்தினேனே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லையா?

சிறகன்:
திருத்தினீர்களா? நான் சொன்னதையே திருப்பிச் சொன்னீர்கள்.

கேள்விக்கணை:
உங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். 1843இல் இந்த 'அமைப்பொப்பு'க்கு விளக்கம் தந்த ஆங்கில உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவனே டார்வினை எதிர்த்தவர். இதே எலும்புகளில் அவர் கண்டது ஒரு மூலவடிவம், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான மாதிரித் திட்டம்; பொது மூதாதை அல்ல. தெரியுமா?

எலும்புப்பித்தன்:
தெரியும். ஓவன் பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் போதவில்லை. தோண்ட, நீந்த, பறக்க என்று மூன்று வேலைக்கும் ஒரே வரிசையை யார் மெனக்கெட்டு வளைப்பார்கள்? 37.5 கோடி ஆண்டுப் பழைய டிக்டாலிக் என்ற மீனின் துடுப்புக்குள்ளேயே மேலே ஒன்று, கீழே இரண்டு இருக்கிறது.

கேள்விக்கணை:
அதற்கு எத்தனை விரல்?

எலும்புப்பித்தன்:
மீனுக்கு ஏது விரல்!

நிதானி:
ஒரு சின்னத் தகவல். பின்னால் வந்த அகாந்தோஸ்டெகா என்ற ஆதி நாற்கால் விலங்கின் முன்னங்காலில் எட்டு விரல். ஐந்து என்பது அதற்கும் அப்புறம் நிலைத்ததுதான்.

கேள்விக்கணை:
பூஜ்யம், எட்டு, நான்கு, மூன்று, ஒன்று. ஐந்தைத் தவிர எல்லாம் வந்துவிட்டது!

எலும்புப்பித்தன்:
நிதானி, நீங்கள் யார் பக்கம்?

நிதானி:
நான் வரையறைதான் கேட்டேன்.

சிறகன்:
என் 2, 3, 4 அப்படியே நிற்கிறது.

கேள்விக்கணை:
குதிரையும்தான். ஒற்றை விரலில்.