டேவிட் ஷெப்பர்டின் யானைப் படங்கள் காட்டுக்கு என்ன செய்தன?

கானவன்:
காட்டுயிர் ஓவியர்களில் காட்டுக்காக அதிகம் உழைத்தவர் என்று நான் சொல்வது டேவிட் ஷெப்பர்டை (1931–2017). 1949இல் வனக் காப்பாளராகும் ஆசையில் இங்கிலாந்திலிருந்து கென்யா போனார், வேலை கிடைக்கவில்லை. லண்டன் ஓவியப் பள்ளியும் கைவிரித்துவிட்டது. ஓவியர் ராபின் குட்வினிடம் தொழில் கற்று, விமானங்களை வரைந்து பிழைத்தவரிடம், 1960இல் கென்யாவில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையினர் காண்டாமிருகம் ஒன்றை வரையச் சொன்னார்கள். அந்த ஆண்டுதான் தான்சானியாவில் நஞ்சு கலந்த நீர்நிலை அருகே 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தார். பிறகு படம் விற்ற பணம் காட்டுக்குப் போகத் தொடங்கியது. 1973இல் வரைந்த 'டைகர் ஃபயர்' மட்டும் நம் புலிகள் பாதுகாப்புத் திட்டத்துக்காக 1,27,000 பவுண்டு திரட்டியது.

மருதம்:
பணத்தை மறுக்கவில்லை. அந்தப் படங்கள் பார்ப்பவர் மனதில் எதைப் பதித்தன என்பதே என் கேள்வி. அதிகம் விற்ற அச்சுப் படங்களை எடுத்துப் பாருங்கள்: புழுதி, வெயில், நம்மை நோக்கி நடந்துவரும் யானை. மேய்ச்சல்காரர் இல்லை, மாடு இல்லை, குடிசை இல்லை. அந்த நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் படத்தின் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டார்கள். காடு என்றால் ஆளில்லாத இடம் என்று நினைப்பவர்கள் கையில் அதிகாரம் வரும்போது ஊர்கள் காலி செய்யப்படுகின்றன. ராஜஸ்தானின் ரண்தம்போரில் புலிக்காக ஊர்களை இடம் மாற்றியது எழுபதுகளில்தான்.

கானவன்:
அந்த முடிவை எடுத்தது அரசு. அதை ஓவியர் தலையில் கட்டுவது நியாயமா, மருதம்? யானையின் முகத்தை வரைபவர் யானையைத்தான் வரைவார். அந்த முகத்தைப் பார்த்துத்தான், ஆப்பிரிக்காவை எட்டிக்கூடப் பார்க்காத லட்சக்கணக்கானோர் தந்தத்துக்காக எது கொல்லப்படுகிறது என்று உணர்ந்தார்கள். பணமும் வெறும் அனுதாபமாக நின்றுவிடவில்லை. ஜாம்பியாவில் வேட்டைத் தடுப்புக்கு ஹெலிகாப்டர் வாங்கக் கொடுத்தார். அதிபர் கவுண்டா நன்றியாகப் பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைப் பரிசளித்தார். (நீராவி எஞ்சின் அவருடைய இன்னொரு பைத்தியம், சொந்தமாகவே வாங்கி ஓட்டியவர்.)

தூரிகை:
நானும் பறவைகள் வரைகிறேன், அதனால் ஒரு வார்த்தை. அசல் ஓவியம் ஒரே ஒரு வீட்டுச் சுவருக்குப் போகும். ஷெப்பர்டின் பலம் அச்சுப் பிரதிகள். அறுபதுகளில் அவருடைய யானைப் படம் சாதாரண பிரிட்டிஷ் வீடுகளில் தொங்கியது. ஒரு காட்டுயிர் ஓவியருக்கு அவ்வளவு பெரிய கூட்டம் கிடைப்பது அபூர்வம்.

மருதம்:
அவ்வளவு பெரிய கூட்டம் என்பதால்தான் பொறுப்பும் பெரிது என்கிறேன். ஹெலிகாப்டர் வேட்டைக்காரனைத் துரத்தும், சரி. காட்டோரம் வாழ்பவர் எதற்காகக் காட்டின் பக்கம் நிற்க வேண்டும்? ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகளே இல்லை என்பது 2005இல் உறுதியானது. அதன் பிறகு அமைக்கப்பட்ட புலிகள் பணிக்குழு, உள்ளூர் மக்களைப் பகைத்துக்கொண்டு புலியைக் காக்க முடியாது என்று எழுதியது. காப்பகம், காவல், பணம் எல்லாம் இருந்தும் புலி போனது.

கானவன்:
சரிஸ்கா பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஷெப்பர்ட் 1984இல் தொடங்கிய அறக்கட்டளை துப்பாக்கிக் காவலோடு நிற்கவில்லையே. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு, காட்டோரப் பள்ளிக் குழந்தைகளின் கல்விக்கும் செலவிடுகிறது. தன் வாழ்வைத் தந்தவை விலங்குகள், அந்தக் கடனைத் திருப்புகிறேன் என்பதுதான் அவர் கொண்டிருந்த எண்ணம்.

மருதம்:
கல்விக்குச் செலவிடுவது நல்லது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் விலங்குகளுக்குப் பட்ட கடனைப் பேசும்போது, யானை மிதித்த வயலுக்குச் சொந்தக்காரருக்கும் கடன் உண்டு. இன்று காட்டுயிர் வரைபவர்கள் ஒரு படத்திலாவது அவரையும் வரையட்டும். விற்ற பணத்தில் ஒரு பங்கு பயிர் இழப்பீட்டுக்குப் போகட்டும். தூரிகை, உங்கள் பறவைப் படங்களில் நெல்வயலும் அதில் நிற்கும் ஆளும் வருவார்களா?

தூரிகை:
கொக்கை வரையும்போது வயலை விட முடியாது. ஆளை மட்டும் நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், வாங்குபவர்கள் விரும்புவதில்லை என்பதால். அடுத்த படத்தில் சேர்க்கிறேன், விற்காவிட்டாலும்.