டிரெய்லர் மேல் விறகு ஸ்மோக்கர்: அச்சை எங்கே வைப்பது?

வணக்கம். டிரெய்லரில் வைத்து இழுத்துப் போகிற மாதிரி விறகு ஸ்மோக்கர் (இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பு) ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இறைச்சி வேகும் அறைக்கு 6 மி.மீ. கனமுள்ள இரும்புக் குழாய். பக்கத்தில் அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருப்புப் பெட்டி. துத்தநாகம் பூசிய தகடு எதையும் சேர்க்கவில்லை, சூடேறினால் அந்தப் புகை நஞ்சு. இதுவரை சரி.

சிக்கல் எடையில்தான். கனமான நெருப்புப் பெட்டி பின்முனையில் வருகிறது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதமாவது முன்னால் இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் வேகமெடுத்ததும் டிரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிடும். அச்சைப் பின்னே தள்ளுவதா, பெட்டியையே முன்பக்கம் திருப்புவதா? முன்னால் வைத்தால் விறகு போடும்போது இழுவைக் கம்பி காலை இடறுமே!

அப்புறம், புகைபோக்கியைக் கிரில் (இறைச்சி வைக்கும் கம்பித்தட்டு) மட்டத்திலிருந்து எடுப்பதா, மேலிருந்தா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் நல்லது. அச்சுக்கு இன்னும் வெல்டு வைக்கவில்லை.