மொட்டைமாடி ஒழுகுது, சங்கம் கைவிரிக்குது: மெயின்டனன்ஸை நிறுத்தலாமா?

மேல்தளத்துக்காரர் (கேள்வி):

நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் 24 வீடுள்ள அடுக்குமாடி. கீழே கார் நிறுத்தம், மேலே 4 தளம், தளத்துக்கு 6 வீடு. நாலாவது தளத்தில் இருக்கும் வீடு அண்ணன் பேரில். அவர் குவைத்தில் இருக்கிறார், இங்கே பார்த்துக்கொள்வது நான். சாவி கொடுத்து 4 வருஷம் 5 மாசம் ஆகிறது.

ஹால் சீலிங்கில் ஃபேனைச் சுற்றி ஈரம் படர்ந்து பெயின்ட் உப்பிக் கொட்டுகிறது. படுக்கையறை வெளிச்சுவரும் மேல்பக்கம் நனைகிறது. சங்கத்தில் சொன்னால், "மேல்தளத்துக்காரங்க ஆறு பேரும் சேர்ந்து செய்துகிடுங்க, கீழ இருக்கிறவங்க எதுக்குப் பைசா தரணும்" என்கிறார் செயலாளர். ஒரு கான்ட்ராக்டரின் கொட்டேஷன் 3,80,000 ரூபாய். மெயின்டனன்ஸ் எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல மாசம் 2,200. 2 வருஷமாகப் பொதுக்குழு கூடவில்லை, வரவு செலவும் காட்டவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சங்கம் பதிந்ததிலிருந்து அதே ஆட்கள், 3 வருஷம் தாண்டிவிட்டது.

ஒழுக்கை அடைக்கிறவரை மெயின்டனன்ஸைக் கட்டாமல் நிறுத்திவைக்கலாமா? நிறுத்தினால் தண்ணீர் லைனைப் பூட்டுவோம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா?

வேலிமலை:

முதல் வேலை, மெயின்டனன்ஸை நிறுத்தாதீங்க. பெரும்பாலான சங்கங்களின் பைலாவில், அதாவது சங்க விதிகளில், பாக்கி வைத்த உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது, நிர்வாகத்துக்கு நிற்கவும் முடியாது என்று ஒரு விதி இருக்கும். இரண்டு மாசம் பாக்கி விழுந்தாலே, பொதுக்குழு கூட்டச் சொல்லி நீங்கள் போடும் கையெழுத்தைத் தள்ளிவிட அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். பிறகு கோர்ட்டுக்குப் போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அந்தப் பாக்கிக் கணக்கைத்தான். 2,200-ஐ சங்கத்தின் பேங்க் அக்கவுன்டுக்கே மாசாமாசம் அனுப்புங்க, குறிப்பில் "ஆட்சேபத்துடன்" என்று போட்டால் போதும். ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீங்க.

மொட்டைமாடி யாருடையது என்பதில் சந்தேகமே வேண்டாம். ரியல் எஸ்டேட் சட்டம் 2016, பிரிவு 2-ல் பொது இடம் எது எது என்று பட்டியல் போடும்போதே மாடிப்படி, லிஃப்ட் இவற்றோடு மொட்டைமாடியையும் சேர்த்துத்தான் சொல்கிறது. உங்கள் கிரயப் பத்திரத்தின் ஷெட்யூலையும் (சொத்து விவரப் பகுதி) எடுத்துப் பாருங்கள். மாடி உங்கள் ஆறு பேருக்கென்று தனியாக எழுதித் தரப்படாதவரை, அதன் பராமரிப்பு 24 வீட்டுக்கும் பொது. கீழ்த்தளத்துக்காரருக்கு லிஃப்ட் தேவையில்லை என்றாலும் லிஃப்ட் செலவில் பங்கு வருகிற அதே நியாயம்தான் இதற்கும்.

பங்கு பிரிப்பதைப் பைலாவில் உள்ளபடியே செய்யணும். சமமாக என்றால் 3,80,000-ஐ 24-ஆல் வகுத்து வீட்டுக்கு 15,833. சதுரஅடிக் கணக்கு என்றால், மொத்தம் 26,400 சதுரஅடி என்று வைத்துக்கொண்டால், அடிக்கு 14.39 வரும். 1,250 சதுரஅடி வீட்டுக்குச் சுமார் 17,990, 950 சதுரஅடிக்குச் சுமார் 13,670. எந்த முறை என்பதை வாட்ஸ்அப்பில் தீர்மானிக்க முடியாது, பொதுக்குழுத் தீர்மானம் வேணும்.

தண்ணீரைப் பூட்டும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. பாக்கியை வசூலிக்க அவர்களுக்குச் சிவில் வழக்கு என்ற வழி இருக்கிறது. குடிநீரை அறுத்து வசூலிப்பது வழியே அல்ல. அப்படிச் செய்தால் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்கலாம். வாடகைக்கு ஆள் இருக்கும் வீடென்றால் 2017-ம் வருஷ வாடகைச் சட்டமும் துணைக்கு வரும். வீட்டுக்காரரோ, அவருக்காகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவரோ வாடகைதாரரின் அத்தியாவசிய வசதியை நிறுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் மிரட்டலைத் தேதியும் நம்பரும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

பழையாறு:

வேலிமலை சொன்னது எல்லாம் சரி. ஆனால் ரொம்ப அவசரமான ஒன்று விட்டுப்போச்சு. 4 வருஷம் 5 மாசம் என்கிறீர்கள். இன்னும் 7 மாசம்தான் இருக்கு.

ரியல் எஸ்டேட் சட்டம் பிரிவு 14(3)-ன்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ, வேலையின் தரத்திலோ குறை இருப்பதாக பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், 30 நாளுக்குள் தன் செலவில் அவர் சரிசெய்து தரணும். செய்யாவிட்டால் நஷ்டஈடும் கேட்கலாம். மழைநீர் உள்ளே இறங்குகிற மொட்டைமாடி வேலைத்தரக் குறைதான். 5 வருஷத்துக்குள் எழுத்தில் தெரிவித்திருக்கணும், அவ்வளவே முக்கியம். சங்கம் எழுதினால் பலம் கூடும், ஆனால் வீட்டை வாங்கியவர் தனியாக எழுதினாலும் செல்லும். சங்கத்துச் சண்டை முடியட்டும் என்று காத்திருந்தால் 3,80,000-ம் உங்கள் 24 பேர் தலையில்தான்.

அண்ணன் பேரில், அவர் கையெழுத்தில், இந்த வாரமே அனுப்புங்கள். வாசகம் சுருக்கமாக இருக்கட்டும்:

"இன்ன தேதியில் ஒப்படைக்கப்பட்ட, இன்ன திட்டப் பதிவு எண் கொண்ட கட்டடத்தின் நான்காம் தளம், இன்ன எண் வீட்டில் ஹால் கூரையிலும் படுக்கையறை வடக்குச் சுவரிலும் மழைநீர் கசிகிறது. படங்கள் இணைப்பு. பிரிவு 14(3)-ன்படி 30 நாட்களுக்குள் சரிசெய்து தரக் கேட்டுக்கொள்கிறேன்."

சுவர் எந்தத் திசை என்பதை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்பீடு போஸ்டில் டெலிவரிச் சான்றோடு ஒன்று, பில்டரின் மின்னஞ்சலுக்கு ஒன்று, நகல் செயலாளருக்கு ஒன்று. 30 நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் படிவம் 'எம்'-மில் புகார். நஷ்டஈடு கேட்பதென்றால் படிவம் 'என்', அது தீர்ப்பு அலுவலரிடம் போகும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்து போட்டால் திரும்பி வரும்.

இன்னொன்று. பிரிவு 17-ன்படி பொது இடங்களின் வரைபடங்களை பில்டர் சங்கத்திடம் ஒப்படைத்திருக்கணும். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் பிளம்பிங் டிராயிங்கும் சங்கத்துக் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதையும் நோட்டீஸில் சேர்த்துவிடலாம்.

தட்டோடு:

சட்டத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நோட்டீஸ் போனதும் பில்டர் தரப்பு இரண்டு பதில்தான் சொல்லும்: "சோலார் ஹீட்டரும் டிஷ்ஷும் வைக்க நீங்கதான் மாடியைத் துளைச்சீங்க", அல்லது "அது மழையில்லை, உங்க தண்ணித் தொட்டி". இதற்கு முன்கூட்டியே ஆதாரம் வேணும்.

மாடியில் இருக்கும் ஒவ்வொரு ஸ்டாண்டின் காலையும் படம் எடுங்கள். தளத்தில் போல்ட் இறக்கியிருந்தால் அந்த இடம் ஈரத்துக்கு நேர் மேலே இருக்கிறதா, எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று டேப் பிடித்து எழுதி வைங்க. பிறகு சீலிங்கில் ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதணும். நம்ம மாவட்டத்துக்கு ஜூனில் இடவப்பாதி, அக்டோபர் முதல் துலா மழை என்று இரண்டு மழைக்காலம். பிப்ரவரி, மார்ச்சில் மழையில்லாமல் காய்ந்து கிடக்கும்போதும் கோடு வெளியே நகர்ந்தால் தொட்டியோ குழாயோ. மழையில் நகர்ந்து, வெயிலில் மெதுவாக நின்றால் மாடித்தளம். ஒரு எச்சரிக்கை: சுர்க்கி தளம் (செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்தது) போட்டு மேலே தட்டோடு பதித்த மாடியில், அந்தச் சுர்க்கிக்குள் தேங்கிய தண்ணீர் மழை விட்டபிறகும் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் நாலு நாள் வெயிலைப் பார்த்து முடிவுக்கு வராதீங்க.

உறுதி செய்ய நீர்தேக்கச் சோதனை. மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, தளத்தின் மேட்டுப் பக்கத்தில் 5 செ.மீ. நிற்கும்படி தண்ணீர் கட்டி 48 மணிநேரம் விடணும். 5 செ.மீ. தண்ணீர் என்றால் சதுரமீட்டருக்கு 50 கிலோ பாரம், சாதாரண மாடி தாங்கும். அதற்கு மேல் கட்டாதீங்க, வாட்டத்தால் பள்ளப் பக்கம் ஆழம் கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். கைப்பிடிச்சுவரில் நீர்மட்டத்தைக் கோடு போட்டு, பக்கத்திலேயே ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். இரண்டு நாள் கழித்து பாத்திரத்தில் 6 மி.மீ. குறைந்து, மாடியில் 20 மி.மீ. குறைந்திருந்தால், ஆவியானது 6 மட்டும். மீதி 14 தளத்துக்குள் போயிருக்கிறது. இந்தப் பாத்திரம் இல்லாமல் சோதனை செய்தால் "வெயிலில் வத்திடுச்சு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சோதனை நாளில் பில்டர் தரப்புக்கும் செயலாளருக்கும் எழுத்தில் அழைப்பு கொடுத்திருக்கணும்.

ஃபேனைச் சுற்றி ஈரம் என்றால் விரிசல் அங்கேதான் என்று அர்த்தமில்லை. தளத்துக்குள் போகும் ஒயரிங் பைப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஃபேன் பெட்டி வரை ஓடி வந்து சொட்டும். ஒழுகும் வாய் பத்தடி தள்ளி, கைப்பிடிச்சுவர் மூலையில்கூட இருக்கலாம். இப்போதே அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யை (கரன்ட் போர்டில் இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) இறக்கி வைங்க. ஈரத்தில் ஃபேனைப் போடுவது உயிருக்கு ஆபத்து.

3,80,000 கொட்டேஷனில் என்ன வேலை எழுதியிருக்கு என்று பார்த்தீர்களா? பழைய தட்டோட்டின் மேலேயே வெள்ளை கோட்டிங் அடிப்பது என்றால் வேண்டாம். ஓட்டுக்கு அடியில் தேங்கிய ஈரம் வெயிலில் ஆவியாகி கோட்டிங்கைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும், ஒரு மழைக்குத் தாங்காது. தட்டோடும் தளர்ந்த சுர்க்கியும் எடுத்து, கான்கிரீட் தளத்தைக் கழுவிக் காயவிட்டு, விரிசல்களை 'வி' வடிவில் கீறி பாலிமர் கலவையால் அடைக்கணும். தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலை முழுக்க 5 செ.மீ. சரிவுப் பட்டை, அதாவது கோவிங், போடணும். அதன்பிறகு நீர்த்தடுப்புப் பூச்சை கைப்பிடிச்சுவரில் ஓரடி ஏற்றி அடிக்கணும். உங்கள் படுக்கையறைச் சுவர் நனைவதைப் பார்த்தால் இந்த மூலையில்தான் எனக்குச் சந்தேகம். பூச்சு காய்ந்ததும் மறுபடி நீர்தேக்கச் சோதனை, தேறினால் மட்டும் மேலே வாட்டத்தோடு தளம். மழைநீர்க் குழாய் வாயில் பூச்சு குழாய்க்குள் மடங்கி இறங்கணும், பலபேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வேலை ஜனவரி கடைசி முதல் ஏப்ரலுக்குள். இடவப்பாதி தொடங்கிய பின் யார் செய்தாலும் ஈரத்தின் மேல்தான் பூச்சு ஒட்டும்.

இதே வேலைப் பட்டியலை மூன்று கான்ட்ராக்டரிடம் கொடுத்து விலை வாங்கணும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு வேலைக்கு ஆளுக்கொரு விலை சொல்வார்கள், ஒப்பிடவே முடியாது. பணத்தில் 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை பிடித்து வைங்க.

மேல்தளத்துக்காரர்:

ரொம்ப நன்றி. நோட்டீஸ் வாசகத்தை அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் ஒன்று: பொதுக்குழுவைக் கூட்டச் சொன்னால் செயலாளர் கண்டுகொள்வதில்லை. பதிவாளரிடம் போகலாமா? அண்ணன் வெளிநாட்டில் இருப்பதால் அவர் ஓட்டு என்ன ஆகும்?

வேலிமலை:

போகலாம், ஆனால் படிப்படியாக. உங்கள் சங்கம் 1975-ம் வருஷ சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்தது என்றால், முதலில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பைலா, நிர்வாகிகள் பட்டியல், தாக்கல் செய்த ஆண்டுக் கணக்கு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனு கொடுங்கள். செயலாளரிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். இரண்டு வருஷமாகக் கணக்கே தாக்கலாகவில்லை என்று தெரிந்தால் அதுவே உங்களுக்குப் பெரிய ஆதாரம். அந்தச் சட்டத்தின் பிரிவு 15-ன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. இப்போதிருப்பவர்கள் காலம் முடிந்தவர்கள்.

அடுத்து, சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டக் கோரி எழுத்தில் கேட்கணும். எத்தனை பேர் கையெழுத்து வேணும் என்று பைலாவில் இருக்கும். பொருள் நிரலில் மூன்று மட்டும் வைங்க: கணக்கு, தேர்தல், மொட்டைமாடி. பைலாவைத் திருத்தணும் என்றால் அது சிறப்புத் தீர்மானம். 21 நாள் முன்னறிவிப்பும், வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவும் தேவை. அதை இந்தக் கூட்டத்தில் கலக்காதீங்க.

அதற்கும் அசையவில்லையென்றால் பிரிவு 36. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் மனு கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். 24 உறுப்பினர் என்றால் 8 பேர். பாதியில் ஒருவர் பின்வாங்கினாலும் நிற்கும்படி 10, 11 கையெழுத்து வாங்குங்கள். மேல்தளத்து ஆறு பேரை மட்டும் நம்பினால் எண்ணிக்கை தேறாது, கணக்குக் காட்டாததில் கோபமுள்ள கீழ்த்தளத்துக்காரர்களும் வேணும்.

அண்ணனின் ஓட்டு: பைலாவில் பதிலாள் ஓட்டுக்கு இடமிருந்தால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமே போதும். கோர்ட், ஆணையம் என்று நீங்கள் அவருக்காக நடக்கணும் என்றால் பவர் பத்திரம் தேவை. அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிடணும்.

பழையாறு:

பிரிவு 36-ல் ஒரு எல்லை உண்டு. சங்கத்தின் செயல்பாடு, நிதிநிலை பற்றி விசாரிக்கலாமே தவிர, எந்தத் தேர்தல் செல்லும், எது செல்லாது என்று பதிவாளர் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு அணியும் தனித்தனியே நிர்வாகிகள் பட்டியல் கொடுத்தால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகச் சொல்வார்கள். அதனால் மனுவில் கணக்கு, கூடாத பொதுக்குழு, இவற்றை முன்னே வைங்க.

அதற்கு முன்னால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்துப் பார்ப்பது நல்லது. வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு இரு தரப்பையும் அழைப்பார்கள், கட்டணம் கிடையாது. உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் ஆனால் லோக் அதாலத்தில் அதை அவார்டாகப் பதியலாம், அது கோர்ட் தீர்ப்பாணைக்குச் (டிகிரி) சமம். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கப்போகிறவர்கள், முடிந்தவரை இங்கேயே தீர்த்துக்கொள்ளப் பாருங்கள். செயலாளரிடம் பில்டர் நோட்டீஸின் நகலைக் கொடுக்கும்போது, "சங்கத்துப் பைசா போகாம பில்டர் செலவிலேயே செய்ய வைக்கலாம், சங்கத்தின் பேரிலும் ஒரு கடிதம் போடுங்க" என்று கேளுங்கள். கீழ்த்தளத்துக்காரர் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.