அப்பாவின் பார்வைப் புல டெஸ்ட்: ஹம்ப்ரி, ஆக்டோபஸ் மெஷின்களின் முடிவுகளை எப்படி ஒப்பிடுவது?

அப்பாவுக்கு 66 வயது. இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் நோய்), வலதில் கூடுதல். தினமும் இரவில் லட்டனோபிராஸ்ட் மருந்து ஒரு சொட்டு விடுகிறோம். கண் அழுத்தம் 24-லிருந்து 16-க்கு இறங்கிவிட்டது. சிக்கல், நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று சோதிக்கும் பார்வைப் புல டெஸ்ட்டில்தான்.

2023 ஜூனில் திருச்சியில் ஹம்ப்ரி மெஷினில் 24-2 என்ற முறையில் எடுத்தோம். வலது கண் எம்.டி. (சராசரி இழப்பைச் சொல்லும் எண்) மைனஸ் 4.1. மதுரைக்குக் குடிவந்த பிறகு, போன மாதம் ஆக்டோபஸில் எடுத்தது 6.2. மைனஸ் இல்லையே, தேறிவிட்டார் என்று வீட்டில் ஒரே சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, ஆக்டோபஸில் இழப்பைப் பிளஸ்ஸாகத்தான் காட்டுவார்களாம்! சோதிக்கும் புள்ளிகளும் வேறு: ஹம்ப்ரியில் 54, ஆக்டோபஸில் 59. நோய் கூடியிருக்கிறதா, மெஷின் மாறியதால் வந்த வித்தியாசமா என்று பிடிபடவில்லை.

இமை தொங்குவதால் மேல்பாதி மறைகிறதோ என்று பிளாஸ்டர் ஒட்டித் தூக்கிவிட்டு மறுபடி எடுத்தோம். மூக்குப் பக்க மேல்மூலையில் கறுப்பு அப்படியே இருந்தது. விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனிலும் கீழ்ப்பக்க நரம்பிழை மெலிந்திருக்கிறது; கீழே மெலிந்தால் பார்வையில் மேல்பக்கம்தான் மறையும், ஆக இரண்டும் பொருந்துகிறது. அப்பாவோ "நல்லாத்தானே தெரியுது" என்கிறார், துணிக்கொடியில் நெற்றியை இடித்துக்கொண்டே. திருச்சி டெஸ்ட்டில் பாதியில் கண்ணயர்ந்துவிட்டதாக இப்போதுதான் ஒத்துக்கொண்டார். பழைய இடத்தில் டேட்டா கேட்டோம். பிரின்ட் மட்டும்தான் கிடைத்தது.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம். இனி ஆக்டோபஸையே புதிய தொடக்கமாக வைத்துத் தொடர்வதா, ஹம்ப்ரி 24-2 இருக்கும் இடத்தைத் தேடிப் போவதா?