புதுப்பிப்பு: ஊறுகாய் வீட்டில் போட்டால் லாபமா?

கடையில் வாங்குவதைவிட வீட்டில் ஊறுகாய் போட்டால் செலவு குறையுமா என்று முன்பு கேட்டிருந்தேன். காயைப் பொறுத்தது என்றீர்கள். சரிதான்.

எலுமிச்சைக்குக் கண்டிப்பாகக் குறைகிறது. புளியங்குடிப் பக்கம் மழைக்காலத்தில் பழம் மலிந்துவிடும், கோடையில் அதே பழத்தைத் தொட முடியாது. மலிந்த நேரத்தில் வாங்கி நறுக்கி, கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு போட்டு, பீங்கான் ஜாடியில் தினமும் குலுக்கி வைத்தேன். தோல் மெத்தென்றாகி, சாறு கெட்டியாகத் துண்டுகளைச் சுற்றி நிற்கிறது. நல்லெண்ணெய் தாளிக்க மட்டும்தான்.

மாங்காய் கதை வேறு. துண்டு மூழ்க எண்ணெய் ஊற்றியாக வேண்டும், செலவெல்லாம் அதற்கே போகிறது. வீட்டில் ரெண்டு பேர்தான் என்றால் சின்ன பாட்டில் வாங்குவதே மேல்.

அப்புறம், சுருள் நார்த்தங்காய் (சுருளாக நறுக்கிப் போடும் நார்த்தங்காய் ஊறுகாய்) பற்றிக் கேட்ட அக்காவுக்கு: உப்பும் வெயிலும் போதும், எண்ணெயே வேண்டாம்.